பாடகர் நிறுத்திய பிறகும் பியானோ பேசும்: ஜெர்மன் ‘லீட்’ கேட்க ஓர் அறிமுகம்

மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மேடை நிறைய ஆட்கள் அமர்ந்த ஆர்கெஸ்ட்ரா, இல்லையென்றால் உச்சஸ்தாயியில் முழங்கும் ஓபரா. அதே மரபில், ஒரு வீட்டின் கூடத்துக்குள் அடங்கிவிடுகிற வடிவம் ஒன்றும் இருக்கிறது. ஒருவர் பாடுவார், ஒருவர் பியானோ வாசிப்பார். பாடுவது ஏற்கெனவே அச்சில் வந்த ஒரு கவிதை. வேடம் கிடையாது, காட்சி கிடையாது, மைக்கும் கிடையாது. பெரும்பாலான பாட்டுகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைத்தான் ஜெர்மன்காரர்கள் ‘லீட்’ என்கிறார்கள்; பன்மையில் ‘லீடர்’.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் குரலைப் பின்தொடர்வார்கள், பியானோவைப் பக்கவாத்தியமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிக் கேட்டால் பாதிப் பாட்டு கைநழுவிப் போகும். நல்ல லீடில் பியானோ பாடகருக்குத் துணை மட்டும் இல்லை. அது இன்னொரு பாத்திரம். பாடுகிறவர் சொல்லாததை அது சொல்லும். சில சமயம் அவர் சொல்வதை மறுக்கும். இது பிடிபட்டுவிட்டால், ஜெர்மன் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் இந்தப் பாட்டுகளுக்குள் நுழைந்துவிடலாம்.

முதலில் கவிதைகள் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1805 முதல் 1808 வரை ஆர்னிம், பிரென்டானோ என்ற இரு கவிஞர்கள் ஜெர்மன் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். வேறு பலரும் இதே வேலையில் இருந்தார்கள். உணர்ச்சியை முன்னிறுத்திய ரொமான்டிக் காலக் கவிஞர்களுக்கு அந்த நாட்டுப்புற நடை மிகவும் பிடித்துப்போனது. நான்கு வரிப் பத்திகள், எளிய சொற்கள், வரி முடிவில் இயைபு; உள்ளே காடு, நிலவு, ஆறு, வழிப்போக்கன், கைகூடாத காதல். படிக்கும்போதே மெட்டு கேட்கிற கவிதைகள் இவை. அதே காலத்தில் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பியானோ வந்து குடியேறியது. வீட்டில் ஒருவர் வாசிப்பார், ஒருவர் பாடுவார், நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அச்சடித்த இசைத்தாள்கள் நன்றாக விற்றன. லீட் வளர்ந்த மண் இது.

ஒரே மெட்டை எல்லாப் பத்திக்கும் திரும்பத் திரும்பப் பாடுவது பழைய வழக்கம். கவிஞர் கதேவுக்குப் பிடித்ததும் அதுதான்: மெட்டு கவிதையைத் தாங்க வேண்டும், கவிதைக்கு மேலே ஏறி உட்காரக் கூடாது. வியன்னாவில் தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் ஷூபர்ட், 1814 அக்டோபர் 19 அன்று, கதேவின் ஃபவுஸ்ட் நாடகத்திலிருந்தே ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார். அப்போது அவருக்கு வயது 17.

கிரெட்சன் என்ற பெண் தனியாக உட்கார்ந்து இராட்டையில் நூல் நூற்கிறாள். காதலன் நினைவு அவளை அலைக்கழிக்கிறது. ‘என் அமைதி போயிற்று, என் நெஞ்சு கனக்கிறது’ என்று தொடங்கி, நடுநடுவே அதே வரிகளுக்குத் திரும்பி வருகிறாள். ஷூபர்ட் இராட்டையைப் பியானோவிடம் கொடுத்துவிட்டார். வலது கையில் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது. இடது கையில் மிதிபலகையின் துடிப்பு. அவள் காதலனின் நடையை, புன்னகையை, கைப்பிடியை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போகப் போகக் குரல் ஏறுகிறது, இராட்டையும் கூடவே வேகம் கொள்கிறது. ‘ஐயோ, அவன் முத்தம்!’ என்று சொன்ன இடத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. அவள் கை வேலையை மறந்துவிட்டது. இதைக் கவிதையின் எந்த வரியும் சொல்லவில்லை. பியானோ நின்றதால் நமக்குத் தெரிகிறது. பிறகு பியானோ ஒரு தடவை சுழற்றிப் பார்க்கிறது, ஓடவில்லை, மறுபடி சுழற்றுகிறது, அதன் பிறகே பழைய ஓட்டம் மெல்லத் திரும்புகிறது. அந்தச் சில விநாடிகளுக்காகவே இந்தப் பாட்டைக் கேட்கலாம்.

கடைசியில் ஷூபர்ட் இன்னொன்றும் செய்தார். கதேவின் கவிதை ‘அவன் முத்தங்களில் கரைந்து போக வேண்டும்’ என்ற உச்சத்திலேயே முடிந்துவிடுகிறது. ஷூபர்ட் அவளை அங்கே விட்டுவிடாமல், ‘என் அமைதி போயிற்று’ என்ற முதல் வரிக்குத் திரும்பக் கூட்டி வந்து முடிக்கிறார். கவிதையைப் படித்து அறிந்துகொண்ட ஒரு வாசகரின் கருத்து அது. இசையமைப்பாளர் கவிதைக்கு மெட்டு மட்டும் போடவில்லை, அதற்கு உரையும் எழுதுகிறார் என்பது இங்கே நன்றாகத் தெரியும். 31 வயதில் 1828-ல் இறப்பதற்குள் ஷூபர்ட் 600-க்கும் மேற்பட்ட லீடர்களை எழுதிவிட்டார்.

இந்தக் கலையை இன்னும் நுட்பமான இடத்துக்குக் கொண்டுபோனவர் என்று நான் நினைப்பது ராபர்ட் ஷூமனை. அவர் தொழிலாகவே பியானோ கற்றவர். 1840 வரை வெளியிட்டதெல்லாம் பியானோ படைப்புகள்தான். அந்த ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். அவருடைய வாழ்க்கையும் அப்போது ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தது. புகழ்பெற்ற பியானோ கலைஞரான கிளாரா வீக்கை மணக்க விரும்பினார். கிளாராவின் தந்தை, ஷூமனின் பழைய ஆசிரியர், கடுமையாக எதிர்த்தார். 1839-ல் ஷூமனும் கிளாராவும் நீதிமன்றம் போனார்கள். 1840 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று, கிளாராவின் 21-ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், லைப்சிக் அருகே ஒரு தேவாலயத்தில் திருமணம். இதற்கு இடையில், மே 24-லிருந்து ஜூன் 1 வரையிலான சில நாட்களில் எழுதியதுதான் ‘டிஷ்டர்லீபே’ என்ற பாட்டுத் தொடர். தமிழில் ‘கவிஞனின் காதல்’ எனலாம்.

கவிதைகள் ஹைன்ரிஷ் ஹைனே எழுதியவை. 1827-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் ஒரு பகுதியிலிருந்து ஷூமன் இருபதை எடுத்து இசையமைத்தார். 1844-ல் வெளியானபோது நான்கைக் கழித்து பதினாறாக்கினார். பதினாறையும் தொடர்ச்சியாகப் பாட அரை மணி நேரம் ஆகும். காதல் மலர்கிறது, கைவிட்டுப் போகிறது, அவள் வேறொருவனை மணக்கிறாள், இவன் கனவுகளோடு மிஞ்சுகிறான். கதை இவ்வளவுதான், அதுவும் நேராகச் சொல்லப்படுவதில்லை. ஹைனேயின் கவிதைகள் கைக்கு அடக்கமானவை, தேன் போல் தொடங்கும், கடைசி வரியில் கொட்டிவிடும்.

முதல் பாட்டை நெருங்கிப் பார்ப்போம். எட்டே வரிக் கவிதை. அதன் சாரம் இது: எழில் கொஞ்சும் மே மாதம், மொட்டெல்லாம் விரிந்த நேரம், என் நெஞ்சில் காதல் எழுந்தது. எழில் கொஞ்சும் மே மாதம், பறவையெல்லாம் பாடிய நேரம், என் ஏக்கத்தையும் ஆசையையும் அவளிடம் சொன்னேன். (ஜெர்மனியில் மே என்பது குளிர் விலகி மரங்கள் பூக்கிற வசந்தம், நம் ஊர் வெயிலை மனத்தில் வைத்துப் படிக்கக் கூடாது.) மேலோட்டமாகப் படித்தால் இனிமையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கவிதை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அவன் சொல்லிவிட்டான். அவள் என்ன பதில் சொன்னாள்? கவிதையில் இல்லை.

ஷூமன் பற்றிக்கொண்டது அந்த இல்லாத பதிலைத்தான். பாட்டு பியானோவில் ஒற்றை ஸ்வரத்தோடு தொடங்குகிறது. அது நீளும்போதே அடியில் அதற்கு மிக அருகிலுள்ள இன்னொரு ஸ்வரம் வந்து உரசுகிறது. வசந்தத்தைப் பாடப் போகிற பாட்டின் முதல் ஒலியே ஓர் உறுத்தல். அதன் பிறகு பியானோவின் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துகொண்டே எஃப் ஷார்ப் மைனர் என்ற சுருதியை நோக்கிப் போகின்றன. வாசல்வரை போய் நின்று, மறுபடி முதலிலிருந்து போகின்றன. இன்னும் உள்ளே நுழையவில்லை. அப்போது குரல் வருகிறது. வந்ததும் பாட்டு ஏ மேஜர் என்ற சுருதிக்குத் திரும்பி, வெளிச்சமாகி, ‘எழில் கொஞ்சும் மே மாதம்’ என்று நிம்மதியாக அமர்கிறது. இரண்டு சுருதிகளும் ஒரே ஸ்வரங்களைப் பங்குபோட்டுக்கொள்பவை. எது வீடு என்பதில்தான் வேறுபாடு. பாடகருக்கு ஏ மேஜர் வீடு. பியானோவுக்கு அப்படி இல்லை.

‘காதல் எழுந்தது’ என்ற இடத்தில் குரல் மேலே ஏறி ஏங்கி நிற்கிறது, அமரவில்லை. உடனே பியானோ அந்த முதல் உறுத்தலை எடுத்து வருகிறது. இரண்டாம் பத்திக்கும் அதே மெட்டு. ஆக, ‘ஏக்கத்தையும் ஆசையையும் சொன்னேன்’ என்ற வரியும் அதே உயரத்தில் ஏங்கி நின்றுவிடுகிறது. பாடகர் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். பியானோ இன்னொரு முறை வாசல்வரை நடந்து போய், அங்கேயே நிற்கிறது. பாட்டு முடிந்துவிட்டது! எஃப் ஷார்ப் மைனர் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பதுதான் கார்டு) கடைசிவரை ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ‘ஸ ரி க ம ப த நி’ என்று பாடிவிட்டு மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் வாயை மூடிப் பாருங்கள். மனம் அந்த ஸட்ஜத்துக்காகத் தவிக்கும். ஷூமன் நம்மை அந்தத் தவிப்பிலேயே விட்டுவிடுகிறார். அவன் கேட்டுவிட்டு நிற்கிறான், பதில் வரவில்லை.

அடுத்த பாட்டாவது தவிப்பைத் தீர்க்கிறதா என்றால், அது தொடங்கும் ஸ்வரங்கள் இரண்டே இரண்டு. அவை அந்த மைனர் கார்டிலும் உண்டு, ஏ மேஜர் கார்டிலும் உண்டு. எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாது. பிறகுதான் அது ஏ மேஜர் என்று துலங்குகிறது. பாட்டுகளை உதிரியாகக் கேட்காமல் வரிசையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்த மனிதன் மே மாதத்தில் எழுதிய மே மாதப் பாட்டு என்பதால், இதை ஷூமனின் நாட்குறிப்பாகவே படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிளாரா அவரைக் கைவிடவில்லை. கவிதையின் காதலி கைவிட்டாள். ஷூமன் ஒரு நல்ல வாசகர், ஹைனே எழுதாமல் விட்ட வெற்றிடத்தை அவர் காது கேட்டது. அது போதும்.

ஏழாவது பாட்டில் பியானோ வேறு விதமாக நடந்துகொள்கிறது. ‘எனக்கு மனக்கசப்பு இல்லை, நெஞ்சு உடைந்தாலும் இல்லை’ என்கிறான் காதலன். அவள் இதயத்தின் இருட்டைக் கனவில் பார்த்தானாம், அவள் எவ்வளவு பரிதாபமானவள் என்று அறிவானாம், அதனால் கசப்பு இல்லையாம். ஹைனே ‘மனக்கசப்பு இல்லை’ என்று எழுதியது இரண்டு முறை; ஷூமன் ஆறு முறை சொல்ல வைக்கிறார். கீழே இடது கை கனமாக இறங்கி நடக்க, வலது கை தொடக்கம் முதல் முடிவுவரை கார்டுகளை அடித்துக்கொண்டே இருக்கிறது. இல்லை இல்லை என்று இத்தனை முறை, இத்தனை பலமாகச் சொல்கிறவனை யார் நம்புவார்கள்?

ஒன்பதாவதில் அவளுடைய கல்யாணம். பியானோ முழுக்க முழுக்க நடன இசையாகிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. பாடகர் அதற்குள் தன் வரிகளைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான்; அவருக்காக இசை நிற்காது.

பதின்மூன்றாவது பாட்டில் பியானோ கிட்டத்தட்ட வாய் திறப்பதே இல்லை. ‘கனவில் அழுதேன், நீ கல்லறையில் கிடப்பதாகக் கனவு’ என்ற வரியைக் குரல் தனியாகப் பாடுகிறது, அடியில் ஒன்றுமில்லை. வரி முடிந்தபின் எங்கோ தூரத்தில் அடிப்பது போல் இரண்டு மூன்று கார்டுகள், அப்புறம் மௌனம். இரண்டாம் பத்தியில் அவள் தன்னை விட்டுப் போவதாகக் கனவு, அதுவும் அப்படியே. மூன்றாவது கனவில் அவள் இன்னும் அன்பாகவே இருக்கிறாள். அப்போதுதான் பியானோ குரலோடு சேர்கிறது, அப்போதுதான் கண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. இறந்த கனவையும் பிரிந்த கனவையும்விட அன்பான கனவுதான் தாங்க முடியாதது என்பதை ஹைனே வரிசையால் சொன்னார், ஷூமன் மௌனத்தைக் கலைத்துச் சொன்னார்.

இனி பதினாறாவது. பழைய பொல்லாத பாட்டுகளையும் கெட்ட கனவுகளையும் புதைத்துவிடுவோம், பெரிய சவப்பெட்டி கொண்டுவாருங்கள் என்கிறான். ஹைடல்பெர்க் கோட்டையின் மதுப்பீப்பாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் பெட்டி. மைன்ஸ் பாலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் பாடை. தூக்குவதற்கு, கொலோன் தேவாலயத்துப் புனித கிறிஸ்தோபரைவிட வலுத்த பன்னிரண்டு அரக்கர்கள் வேண்டும். கடலில் கொண்டுபோய் மூழ்கடிக்க வேண்டும். வீறாப்பான அணிவகுப்பு போல இசை போகிறது. பெட்டி ஏன் இத்தனை பெரிது, இத்தனை கனம் என்று தெரியுமா? என் காதலையும் என் வலியையும் அதில் போட்டுவிட்டேன் என்று இசை தணிந்து, குரல் ஓய்கிறது. ஹைனே இங்கே முடித்துவிட்டார்.

ஷூமன் முடிக்கவில்லை. பியானோ தனியாகத் தொடர்கிறது, ஒரு நிமிடத்துக்கும் மேல். அது வாசிப்பது புதிய ராகமும் இல்லை. நான்கு பாட்டுக்கு முன்னால், பன்னிரண்டாவது பாட்டின் முடிவில், இதே இசையை நாம் கேட்டிருக்கிறோம். கோடைக் காலையில் அவன் தோட்டத்தில் பேச்சில்லாமல் நடக்கிறான். பூக்கள் அவனைப் பார்த்து, ‘எங்கள் சகோதரியிடம் கோபம் கொள்ளாதே, வெளிறிப்போன சோக மனிதனே’ என்று முணுமுணுக்கின்றன. அந்த வரிக்குப் பின்னால் பியானோ மட்டும் வாசித்த இசை அது. அவன் அப்போது பூக்களுக்குப் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டு அவன் வாயடைத்து நிற்கிற இந்த நேரத்தில் பியானோ அந்தப் பூக்களின் பேச்சை மறுபடி எடுக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் பாடவில்லை. கவிதையில் அது இல்லவே இல்லை. ஹைனே கசப்போடுதான் விட்டுப் போனார். ஷூமனின் பியானோ அவரோடு உடன்படவில்லை. ஒரு கவிதைக்கு இசையால் எழுதப்பட்ட உரைகளில் இதைவிட உயர்ந்ததை நான் கேட்டதில்லை.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கவிதையின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலான லீடர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கச்சேரி அரங்குகளிலும் வரிகளை அச்சடித்துத் தருவது வழக்கம். முதல் தடவை வரிகளைப் படித்தபடி கேட்டுவிட்டு, இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் பின்தொடருங்கள். குறிப்பாகப் பாடகர் வருவதற்கு முன்னும் அவர் நிறுத்திய பின்னும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரே பாட்டு ஒரு பதிவில் உயர்ந்த சுருதியிலும் இன்னொன்றில் தாழ்ந்த சுருதியிலும் இருந்தால் குழம்ப வேண்டாம். பாடகரின் குரலுக்கு ஏற்ப சுருதியை மாற்றிக்கொள்வது இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு மாறாது. பாட்டுத் தொடரை நேரில் கேட்டால், நடுவில் கைதட்டாமல் கடைசிப் பாட்டுவரை காத்திருப்பார்கள்.

டிஷ்டர்லீபேக்கு ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் பாடி ஹூபர்ட் கீஸன் பியானோ வாசித்த 1960-களின் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் குரலில் இளமை மறையாமல் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் துலங்கக் கேட்க வேண்டுமானால் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். காதலன் பாடும் பாட்டு என்பதால் ஆண்கள்தான் பாட வேண்டும் என்றில்லை. ஷூமன் இதைக் காணிக்கையாக்கியதே வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் என்ற பாடகிக்குத்தான். லோட்டே லேமன் 1940-களில் புரூனோ வால்டரின் பியானோவோடு பாடிய பதிவும் கிடைக்கிறது. ஹைனேயும் ஷூமனும் 1856-ல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். பதினாறு பாட்டுகளையும் முழுத் தொடராக மேடையில் யூலியஸ் ஷ்டாக்ஹவுசன் பாடியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1861-ல் ஹாம்பர்க்கில். பியானோவில் இருந்தவர் இசையமைப்பாளர் பிராம்ஸ், அப்போது இளைஞர்.

இது பிடித்துப்போனால் அடுத்து ஷூபர்ட்டின் ‘வின்டர்ரைஸ’ (குளிர்காலப் பயணம்) என்ற பாட்டுத் தொடருக்குப் போகலாம். வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகள், 1827-ல் இசையமைத்தது, ஒன்றேகால் மணி நேரம் வரை ஓடும். அதை இடையில் நிறுத்தாமல் கேட்க ஒரு மாலையை ஒதுக்கி வையுங்கள்.